முந்திரி வடிவக் குளத்துக்கு ஒரு மூடி

பிப்ரவரி 4

சின்னுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உனக்குச் சளி விட்டதா? கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறாய், உன் மூக்கை யார் பார்ப்பது?

ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எனக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்தினால் உன் அக்கா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். இதை நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.

விஷயம் இதுதான். நம் நீச்சல் குளத்துக்கு மூடி போட வேண்டுமாம். யார் விழப் போகிறார்கள் என்று கேட்டேன். "பாதுகாப்புக்குப்பா" என்றாள் நம் மேனேஜரம்மா, உன் அக்கா. யாருடைய பாதுகாப்பு? வீட்டில் குழந்தை குட்டி கிடையாது. ஒரு பூனைகூடக் கிடையாது. இருப்பது அவள், மாப்பிள்ளை, நான். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். குளத்தில் கால் நனைக்கக்கூட நேரமில்லாதவர். தினமும் காலையில் அந்தத் தண்ணீரில் இறங்குகிறவன் நான் ஒருவன்தான்.

சாப்பாட்டு மேஜையில் மூன்று வகை மூடிகளின் படங்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். ஒன்று, பார்சலில் சுற்றி வருமே, அந்தக் கொப்புளத் தாள் மாதிரி. தண்ணீரின் மேல் சும்மா மிதக்கும். இரண்டாவது வலை. மூன்றாவது கெட்டித் துணி. சுற்றிலும் தரையில் பித்தளை முளைகளை இறக்கி, பட்டைகளும் ஸ்பிரிங்குகளும் வைத்து இழுத்துக் கட்டுவார்கள். ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டு நெம்பினால்தான் ஸ்பிரிங் கழலும். அந்தக் கம்பியை அலமாரியில் பூட்டி வைக்கலாமாம். உன் அக்காவுக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான்.

போன வருஷம் கேட்டில் லேசாக இடித்தேன் என்று கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது குளம். அடுத்தது வாசல் கதவோ என்னவோ. உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. நான் கேட்டேன் என்று அவளிடம் மூச்சு விடாதே.

ஸ்வெட்டர் போடு.

அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

இங்கே நான் நலம், சளி போயே போச்சு. உங்கள் முட்டிக்கு அக்கா கொடுக்கும் தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தேய்த்தேன் என்கிறீர்களா?

மூடி நல்லதுதானே அப்பா. இலை விழாது. தண்ணீர் ஆவியாகாது. மருந்துப் பொடியும் குறைவாகப் போட்டால் போதும். இங்கே பல வீடுகளில் போட்டிருக்கிறார்கள். அக்கா எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டாள். வேறு ஒன்றும் இருக்காது. நிச்சயமாக இருக்காது. நீங்கள் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே வெயில் வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் பூக்கள் வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

உங்கள் சின்னு


பிப்ரவரி 20

அக்கா,

எப்படி இருக்கே? அத்தான் இடுப்பு வலி தேவலையா?

அப்பாவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஒரு கடிதம் முழுக்கத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். நான் இலை, ஆவி என்று பூசி மெழுகிப் பதில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் வாழ்க்கை முழுக்க நிலம் அளந்தவர். யார் எந்த வேலியை எவ்வளவு நகர்த்தினார்கள் என்று மண்ணைப் பார்த்தே சொன்ன மனிதர். அவருக்கா காது குத்துவது?

நீயும் அத்தானும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடேன். போன முறை நடந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் போன முறை மாதிரியே இந்த முறையும் ஆகும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

இன்னொன்று. மூடி அந்தக் குழந்தைக்காக மட்டும்தானே? ஜனவரியில் நீ ஃபோனில் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, "ஒண்ணுமில்ல, விடு" என்றாய். அது என்ன?

பதில் போடு.

சின்னு


மார்ச் 11

சின்னு,

நாங்கள் நலம். அத்தான் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்குகிறார். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் இரண்டு பேர் இருமல் மருந்து கேட்டு வந்துவிட்டார்கள்.

இந்த முறை பெண்ணுக்கு நாலு வயது. படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பு கையில். அத்தான் அந்தப் படத்தை டூல் பெட்டியில் வைத்திருக்கிறார்.

தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரி அம்மா குளத்தைப் பற்றி முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கொப்புளத் தாள் கூடவே கூடாதாம். குழந்தை தரை என்று நினைத்துக் கால் வைத்தால் தாளோடு உள்ளே போய்விடும், மேலே எதுவும் தெரியாது. வலையும் வேண்டாமாம். பெரிய ஆள் ஏறி நின்றாலும் தாங்குகிற மூடி வேண்டும், திறக்கும் கம்பி பூட்டில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? போன முறை அவரே அந்த அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். கடைசி வாரத்தில் குழந்தையின் சித்தி வந்து தானே வளர்க்கிறேன் என்று அழைத்துக்கொண்டு போனாள். நான் அழுது தீர்த்துவிட்டேன். அப்பா அழவில்லை. இரண்டு மாதம் தண்ணீரில் இறங்கவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. கடைசி வருகைக்கு முன்னால் சொன்னால் போதும் என்று அதிகாரி அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன்.

குளத்தை அளந்து தரச் சொல்லி அப்பாவிடமே கேட்டிருக்கிறேன். அவருக்குப் பிடித்த வேலை, சந்தோஷப்படுவார்.

கடையில் ஆள் வந்தாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 29

சின்னுவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று இப்போது இந்த வீட்டில் ஆளாளுக்குச் சோதிக்கிறார்கள். நீ எழுதிய இலைக் கதையைப் படித்தேன். "நிச்சயமாக இருக்காது" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியில் மாட்டிக்கொண்டாய்.

சென்ற வாரம் ஒரு அம்மாள் வந்தார். கையில் தலையணை கனத்துக்கு ஃபைல். உன் அக்கா கடையிலிருந்து வருவதற்குள் வந்துவிட்டார், ஆகையால் நான்தான் கதவைத் திறந்தேன்.

"உங்க வயசு என்னங்க?" என்றார்.

"எதுக்குங்க?"

"சும்மா எழுதிக்கத்தான்."

"சும்மா எழுதுறதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய ஃபைல்?"

சிரித்தார். சமையலறை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். "மாத்திரையெல்லாம் பூட்டி வைக்கிற பழக்கம் உண்டா?"

"இந்த வீட்டுல திருடன் யாரும் இல்லீங்க."

"ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா? கோபம் வருமா? மறதி ஏதாவது?"

"நீங்க வந்துட்டுப் போனதை மறக்க முடியும்னு எனக்குத் தோணலை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு உன் அக்கா ஓடி வந்து, என்னைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மாளோடு கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது சின்னு. அது முதியோர் இல்லத்து ஆள். என்னைச் சேர்ப்பதற்கு முன்னால் எந்த நிலையில் இருக்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சேர்க்கும் வரைக்கும் நான் குளத்தில் விழுந்து தொலைக்காமல் இருக்க மூடி. இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு இலைக் கதை எழுதினாய். வயிறு எரிகிறது.

குளத்தை அளக்கச் சொன்னாள். அளந்தேன். இரண்டு ஆணி அடித்து, இரண்டிலிருந்தும் முந்திரி வளைவு முழுவதையும் அடிக்கு அடி டேப் பிடித்து எடுத்துக் கொடுத்தேன். பொய் அளவு என் கையிலிருந்து ஒருநாளும் போனதில்லை, இதுவும் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த மூடி இந்தக் குளத்தை மூடப் போவதில்லை. எப்படி என்று கேட்காதே.

வேளாவேளைக்குத் தூங்கு.

அப்பா


மே 2

சின்னு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை.

மூடி வந்தது. அதிகாரி அம்மா பார்க்க வரும் நாளன்று காலையில்தான் வந்தது. அதற்கு முந்தின நாளே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். முதலில் மூடி விரியட்டும், குளம் மூடியதைக் காட்டியே சொல்வோம் என்று தள்ளிப் போட்டேன். மூன்று ஆட்கள் விரித்தார்கள். தண்ணீரின் வடிவத்துக்கு அச்சு அசலாக இருந்தது. விளிம்பில் துளியும் அதிகமில்லை. கரை மேல் இரண்டடி ஏறி உட்கார வேண்டிய துணி, தண்ணீர் ஓரத்தோடு நின்றுவிட்டது. அதிகாரி அம்மா செருப்பைக் கழற்றி ஓரத்தில் கால் வைத்து அழுத்தினார். துணி உள்வாங்கி, ஒரு குழந்தை நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. ஃபைலை மூடிவிட்டார்.

"அடுத்த குடும்பம் காத்திருக்காங்கம்மா. ஆறு வாரம் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

மூடிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், சத்தியம் செய்யாத குறை. "மேடம், நானே ஐயாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். இது குளத்தோட அளவா, மூடியோட அளவான்னு. குளத்தோடதுன்னா நாங்க சுத்திலும் சேர்த்துத் தைப்போம். மூடியோட அளவுதான்னு அழுத்தம் திருத்தமாச் சொன்னாரு."

வீட்டுக்கு வந்தேன். அப்பா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பேசிவிடுவேனோ என்று பயம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 14

அப்பா,

உங்கள் கடிதம் ஏதோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அக்காவின் கடிதத்தோடு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

அந்த ஃபைல் அம்மாள் முதியோர் இல்லத்து ஆள் இல்லை. அக்காவும் அத்தானும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். நாலு வயதுப் பெண். மூடி இல்லாமல் அவளை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். போன முறை மாதிரி நீங்கள் உடைந்துபோகக் கூடாது என்றுதான் அக்கா மறைத்தாள். நானும் மறைத்தேன், அது என் தப்பு. ஜூன் நடுவில் கெடு முடிகிறது. அதற்குள் சரியான மூடி வராவிட்டால் அந்தப் பெண் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களே பேசுங்கள்.

சின்னு


ஜூன் 20

சின்னுவுக்கு,

நீ சௌக்கியமா? இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார நேரமில்லை. உட்கார்ந்தால் எழுதவும் முகமில்லை.

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். "குளத்தோட அளவை மூடியோட அளவுன்னு நான்தாம்மா மாத்திச் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன்" என்றேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் கேட்டது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மூடிக்காரரின் பட்டறைக்குப் போனேன். புது மூடிக்கு எட்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு ஹோட்டலும் ஒரு பள்ளிக்கூடமும் நிற்கின்றன. "அப்ப நான் இங்கயே உட்கார்ந்துக்கிறேன்" என்றேன். தினமும் போனேன். பந்தல் நீளத்துக்கு ஒரு மேஜை, அதன் மேல் பச்சைத் துணி, இரண்டு தையல் மெஷின்கள், தரையெல்லாம் வெட்டிய பட்டைத் துண்டுகள். தைக்கிற அம்மாளுக்குத் துணி நகர்த்திக் கொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன். நாலாவது நாள் அவரே முதலாளியிடம் போய், "இந்தப் பெரியவரோடதை முதல்ல முடிச்சு அனுப்பிடுங்க, இவர் பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னால தைக்க முடியல" என்று சொல்லிவிட்டார்.

கெடுவுக்குள் மூடி வந்துவிட்டது. செலவு என்னுடையது, அதில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. உன் அக்காவிடம் கேட்டேன், "மூடி அந்தக் குழந்தைக்கு மட்டும்தானேம்மா?" என்று. "ஆமாம்பா, பின்ன யாருக்கு?" என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா


ஜூலை 8

என் சின்னுவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். இந்த முறை நால்வர்!

அதிகாரி அம்மா வந்த அன்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். மூடி முரசுத்தோல் மாதிரி விறைப்பாக நின்றது. அவர் ஓரத்தில் கால் வைத்துப் பார்ப்பதற்குள், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். குளத்தின் நடுவரைக்கும் நடந்துபோய் ஒரு குதியும் குதித்தார். "நான் சான்றிதழ்தான் கேட்டேன், சர்க்கஸ் கேக்கலை. இறங்குங்க ஐயா" என்றார் அந்த அம்மா. அப்பா இறங்கி வந்து, "அன்னிக்கு மரியாதை இல்லாமப் பேசிட்டேங்க" என்று கையைக் கூப்பினார். கையெழுத்துக் கிடைத்துவிட்டது.

குழந்தை வந்து ஒன்பது நாள் ஆகிறது. தட்டில் வைக்கும் பிஸ்கெட்டில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாள். அப்பா அவளுக்கு எறும்பு என்று பெயர் வைத்துவிட்டார். அவரும் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார். அவள் என்னிடம் இன்னும் பேசுவதில்லை. அவரிடம் ஓயாமல் பேசுகிறாள்.

அந்தக் கம்பி அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாவி எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அப்பா காலையில் ஒரு பக்கத்து ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பாதியைச் சுருட்டி நீந்திவிட்டு, அவள் எழுவதற்குள் மாட்டிவிடுகிறார்.

பிப்ரவரியில் நீ கேட்டதை நான் மறக்கவில்லை. எழுத வரவில்லை. நேரில் வரும்போது கேள்.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்கள் நலமா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. எறும்புக்கு அனுப்பிய கலர் பென்சில் வந்ததா என்றுகூட யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஃபோன் செய்தால், "அப்பாவே எழுதுவாருடி" என்கிறாள். உங்களிடம் பேசக் கேட்டால் தோட்டத்தில் இருக்கிறார் என்கிறாள். எப்போது கேட்டாலும் தோட்டமா?

இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. நீங்கள் இருவரும் என்ன மறைக்கிறீர்கள்?

சின்னு


செப்டம்பர் 9

சின்னுவுக்கு அப்பா எழுதுவது.

உடம்பு சௌக்கியம். முட்டியும் பரவாயில்லை. கலர் பென்சில் வந்தது. எறும்பு அதிலும் இரண்டைத் தலையணைக்கு அடியில் போட்டிருக்கிறாள். நான் தோட்டத்தில் இருந்தது நிஜம்தான், உன்னோடு பேசாமலிருக்கப் போய் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தோம். விழித்துக் கூடத்துக்கு வந்தேன். எறும்பு பின்பக்கக் கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் குளம் திறந்து கிடக்கிறது. பாதி மூடி சுருட்டியிருக்கிறது. கம்பி தண்ணீர் ஓரத்தில் கிடக்கிறது. கதவின் தாழ்ப்பாள் போடவில்லை, சும்மா சாத்தியிருந்தது. அவள் தள்ளியிருந்தால் திறந்திருக்கும்.

வீடே அதிரக் கத்தினேன். மாப்பிள்ளையை எழுப்பி, "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அவரை அப்படிக் கேட்டதில்லை. உன் அக்காவைப் பார்த்து, "சாவி உங்கிட்டத்தானே இருக்கு? நீ திறந்தியா, இல்ல யாருக்காவது குடுத்தியா? உண்மையைச் சொல்லு!" என்றேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கூட்டுச் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதும் நினைத்தேன்.

எறும்பு வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, உங்க தலை ஈரமா இருக்கு" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. சட்டைக் காலரும் ஈரம். சட்டைப் பையில் என் சாவி இருந்தது.

நான் எப்போது எழுந்து போனேன், எப்போது நீந்தினேன், எப்போது வந்து மறுபடி படுத்தேன், ஒன்றும் தெரியவில்லை சின்னு. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அன்று சாயங்காலம் என் சாவியை உன் அக்காவிடம் கொடுத்தேன். இனிமேல் நீந்த வேண்டும் என்றால் அவளைக் கேட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் இறங்குவேன். டாக்டரிடமும் போய் வந்தோம், மாத்திரை கொடுத்திருக்கிறார். அதையும் அவளே எடுத்துத் தருகிறாள்.

சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள். மறுபடி கேட்டேன்.

"ஜனவரியிலப்பா. ஒருநாள் காலையில குளத்துலேர்ந்து வந்தீங்க. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, அம்மா எழுந்தாச்சான்னு கேட்டீங்க."

உங்கம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

இந்த வருஷம் முழுக்க அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் சந்தேகப்பட்டேன். உனக்குக் கடிதம் கடிதமாக எழுதினேன். அப்படி நான் கேட்டதாக எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் கேட்டேன் என்று உன் அக்கா சொன்னால், கேட்டுத்தான் இருப்பேன்.

லீவு கிடைத்தால் சீக்கிரம் வந்துவிட்டுப் போ. எறும்பு உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எனக்கும் பார்க்க வேண்டும்.

அப்பா